கேமராவை நம்பிப் பிழைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே ஐந்து வருடம் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களைப் படம் எடுத்தேன். பிறகு வேலையை விட்டேன். ஆறு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. அக்கா பையனில் ஆரம்பித்து மண்டப வாசலில் மடக்கிப் பேசும் கல்லூரிப் பிள்ளைகள்வரை எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் ஃபோனில் பேசுவதற்குப் பதிலாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நான் சொல்லும் கூலி, வாடகைத் தொகைகள் என் ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

அண்ணே, என் படத்தைப் பார்க்கிற எல்லாரும் சூப்பரா இருக்குன்னு சொல்றாங்க. தொழிலா பண்ணலாமா?

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது நீங்கள் காட்டிய படங்களை மட்டும். நூறு எடுத்து நான்கைக் காட்டுகிறோம். மீதித் தொண்ணூற்றாறு யார் கண்ணிலும் படுவதில்லை. காசு வாங்கிவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. கெட்டிமேளம் கொட்டும்போது சித்தப்பா ஒருவர் செல்போனைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வருவார், வீடியோக்காரரின் லைட் மாப்பிள்ளை முகத்தில் வெள்ளையாக அடிக்கும், ஹோமப் புகை வேறு. அதற்குள் அந்தப் படம் வந்தாக வேண்டும். இன்னொரு டேக் கேட்க முடியாது.

ஒரு சோதனை சொல்கிறேன். தெரிந்த வீட்டில் காதுகுத்தோ வளைகாப்போ வந்தால், கட்டாயம் வேண்டிய முப்பது படங்களை அந்த வீட்டம்மாவையே ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். "பெரியத்தை குழந்தையோடு", "தாய்மாமன் மடியில் உட்கார்ந்தது" என்று எழுதுவார். நீங்கள் ரசித்து எடுக்கும் ஜன்னல் வெளிச்சம், வெற்றிலைத் தட்டு எதுவும் அதில் இருக்காது. முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். இருபத்தெட்டுக்கு மேல் சரியாக வந்திருந்தால், அப்புறம் அந்தப் பட்டியல்படி எடுத்தது உங்களுக்கு எரிச்சலாக இல்லை என்றால், மேலே படியுங்கள்.

என்கிட்ட ஒரு கேமராவும் கூட வந்த லென்ஸும்தான் இருக்கு. போதுமா?

கற்றுக்கொள்ளப் போதும். கல்யாணத்துக்குப் போதாது. படத்தின் தரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஒரே கேமரா நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), இரண்டு ஃபிளாஷ், கையில் நாலு பேட்டரி இல்லாமல் மண்டபத்துக்குள் போகாதீர்கள். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. முதல் பத்து வேலைக்கு வாடகைதான் நல்லது. எந்த லென்ஸ் உண்மையிலேயே உங்கள் கைக்குப் பழகுகிறது என்று தெரிந்துவிடும். 50 எம்எம் 1.8 லென்ஸ் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். இருட்டு மண்டபத்தில் அதன் விலைக்கு அதைப்போல உழைக்கிற பொருள் இல்லை.

இரண்டு மெமரி கார்டு போட இடம் உள்ள பாடியாக எடுங்கள். ஏன் என்று பின்னால் வருகிற ஒரு கேள்வியில் அழுதிருக்கிறேன்.

முதல் வேலைக்கு எவ்வளவு கேக்கணும்?

பக்கத்து ஸ்டுடியோவில் எவ்வளவு என்று விசாரித்து, அதில் ஐயாயிரம் குறைத்துச் சொல்வதுதான் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். கணக்குப் பிரிவில் இருந்தவன் இரண்டு வருடம் இந்தக் கணக்கைப் போடவில்லை என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு கல்யாணத்துக்கு 40,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஆல்பம், லேப் செலவு 12,000. உதவிக்கு ஒருவர், சாயங்கால ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து 5,000. லென்ஸ் வாடகை 3,000. வண்டி, சாப்பாடு 2,000. ஆக 22,000 போய், கையில் 18,000. கேமரா தேய்மானத்துக்கு 3,000 எடுத்து வைத்தால் 15,000. இது இரண்டு நாள் கூலி என்று நினைப்பீர்கள். இல்லை. முன்னால் போய்ப் பேசுவது, படம் பொறுக்குவது, கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன், "அத்தை படத்தைப் பெரிசா போடுங்க" என்று மூன்று முறை திருத்துவது எல்லாம் சேர்த்து எட்டு நாள். நாளுக்கு 1,875 ரூபாய். அது உங்களுக்குக் கட்டுமா என்பதுதான் கேள்வி.

தேய்மானம் எதற்கு என்றால், ஷட்டருக்கு, அதாவது ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடும் திரைக்கு, ஆயுள் உண்டு. நிகான் டி750-க்கு 1,50,000 கிளிக் வரை சோதித்திருப்பதாக அந்த நிறுவனமே சொன்னது. கல்யாணத்துக்கு 3,000 கிளிக் என்றால் ஐம்பது கல்யாணம். அதற்கு மேலும் ஓடலாம், ஓடாமலும் போகலாம். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா வாங்கி, திரை அசையாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் தேய்மானமே இல்லையே என்பவர்களுக்கு: மேடையின் எல்இடி விளக்குகளில் அது பல நேரம் படம் முழுக்கக் கோடு போட்டுவிடும். மெக்கானிக்கல் ஷட்டருக்குத்தான் திரும்ப வருவீர்கள்.

ஆரம்பத்துல ஃப்ரீயா எடுத்துக் கொடுத்தா அடுத்தடுத்து வேலை வரும்ல?

வரும், ஃப்ரீ வேலையாக. "அந்தத் தம்பி நல்லா எடுப்பான், காசு வாங்க மாட்டான்" என்பது ஊரில் பரவுகிற வேகத்துக்கு "நல்லா எடுப்பான்" மட்டும் பரவாது. படம் சேர்க்க வேண்டும் என்றால் ஏற்கெனவே தொழிலில் இருப்பவரிடம் உதவியாளராகப் போங்கள். பத்து முகூர்த்தம் லைட் பிடியுங்கள். எந்தச் சடங்கு எப்போது வரும், மாப்பிள்ளை வீட்டார் எந்தப் பக்கம் நிற்பார்கள், ஐயர் எப்போது திரும்புவார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கூலியும் கிடைக்கும்.

சொந்தக்காரங்ககிட்ட எப்படி மாமா காசு கேக்குறது?

என் அக்கா பையன் கேட்டது. இந்தப் பக்கத்திலேயே கஷ்டமான கேள்வி இதுதான்; வரி, சட்டம் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். பெரியப்பா மகள் கல்யாணத்துக்குச் சும்மா எடுத்தேன். பந்தியில் உட்கார நேரமில்லை, குடும்பப் படம் ஒன்றிலும் நான் இல்லை, ஆல்பம் செலவு என் கைக்காசு. நாலு மாதம் கழித்து ஆல்பம் கொடுத்தபோது "இவ்வளவு லேட்டா?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. விலை பேசாத வேலைக்கு நாள் குறிக்கவும் ஆளில்லை. காசு கொடுத்தவர்களின் ஆல்பங்களை முதலில் முடித்தது நான்தான்.

இப்போது செய்வது இது. நெருங்கிய சொந்தம் என்றால், "என் உழைப்பு மொய். ஆல்பம், உதவியாளர், வண்டிச் செலவு மட்டும் உங்களோடது" என்று நிச்சயதார்த்தத்துக்கு முன்பே சொல்லிவிடுவேன். மொய் எழுதுகிறவரிடம் போய் அதை நோட்டில் எழுதவும் சொல்வேன்: "போட்டோ, ரூ. 15,000". முதல் தடவை சிரித்தார்கள். மதுரைப் பக்கம் மொய் நோட்டில் ஏறியது என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. என் வீட்டு விசேஷத்தில் அது திரும்பியும் வந்தது. தூரத்துச் சொந்தத்துக்கு இதெல்லாம் கிடையாது, வெளியாட்களுக்குச் சொல்லும் விலைதான். வேண்டுமானால் ஒரு பெரிய படம் சட்டம் போட்டுக் கொடுங்கள்.

மாசம் நாலு ஆர்டர் வருது. வேலையை விட்டுடலாமா?

எந்த மாதம் நாலு? வைகாசியிலும் ஆவணியிலும் யாருக்கும் வரும். ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பெரும்பாலோர் வைப்பதில்லை. மார்கழியில் கிடையாது. பன்னிரண்டில் மூன்று மாதம் இப்படியே போய்விடுகிறது. கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தையும் இஸ்லாமியக் குடும்பங்கள் ரமலான் மாதத்தையும் தவிர்ப்பார்கள். எல்லாச் சமூகத்திலும் உங்களுக்கு ஆள் இருந்தால் பள்ளம் கொஞ்சம் நிரம்பும்.

இதைவிட முக்கியமாக ஒன்று: ஒரு நாளில் ஒரு கல்யாணம்தான் எடுக்க முடியும். வளர்பிறை முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஆறு பேர் கேட்பார்கள். ஐந்து பேரை அனுப்பிவிட வேண்டும். ஆக உங்கள் வருமானத்துக்கு மேல் வரம்பு உங்கள் திறமையில் இல்லை, பஞ்சாங்கத்தில் இருக்கிறது. அடுத்த வருடக் காலண்டரை எடுத்து முகூர்த்த நாட்களை எண்ணுங்கள். அதில் பாதி உங்களுக்கு வரும் என்று வைத்து, மேலே சொன்ன கணக்கில் கையில் நிற்கும் தொகையால் பெருக்குங்கள். அது உங்கள் வருடச் சம்பளத்தைவிடக் குறைவு என்றால் இப்போதைக்கு விட வேண்டாம்.

நான் விட்டபோது எட்டு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருந்தது. முதல் மார்கழியிலேயே அதில் கை வைத்தேன். வேலையோடு போகும் பி.எஃப்., மருத்துவக் காப்பீடு இரண்டையும் மறந்துவிடாதீர்கள். காப்பீட்டை ராஜினாமா கடிதத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

கவர்மெண்ட் வேலையில இருக்கேன். சனி ஞாயிறு மட்டும் எடுக்கலாம்ல?

அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனியார் தொழில் செய்வதைத் தடுக்கின்றன. மனைவி பெயரில் பண்ணுகிறேன் என்பவர்களும் விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, துறையில் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் வேலை என்றால் பணி நியமன ஆணையைத் தேடி எடுங்கள். "வேறு ஊதியப் பணி கூடாது" என்ற வரி பலருடையதில் இருக்கும். என்னுடையதில் இருந்தது. மேலாளரிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். அவர் மகள் கல்யாணத்தை எடுத்தது பிறகு.

எனக்குக் கல்யாணமே பிடிக்காது. பறவை, கோயில், தெரு இதெல்லாம் எடுத்துச் சம்பாதிக்க முடியாதா?

முடியும், ஆனால் படத்தை விற்று அல்ல. படங்களை விற்றுக் கொடுக்கும் ஸ்டாக் தளங்களில் போட்டால் காசு கொட்டும் என்று யூடியூபில் சொல்வார்கள். அதில் ஒன்றான ஷட்டர்ஸ்டாக் 2020-ல் கொண்டுவந்த முறையில் படம் கொடுப்பவரின் பங்கு 15 சதவீதத்தில் தொடங்குகிறது. எவ்வளவு விற்றிருந்தாலும் ஜனவரி முதல் தேதி மறுபடி அடியிலிருந்து. ஒரு டவுன்லோடுக்குக் கிடைப்பது பல நேரம் சில்லறைதான். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து எடுத்த வர்ணநாரைக்கு அந்தச் சில்லறை வருவதைப் பார்த்தால், எடுத்த சந்தோஷமும் போய்விடும்.

கல்யாணத்துக்கு வெளியே காசு இருக்கிற இடம் பொருட்களும் கட்டடங்களும். திருப்பூர் துணி, நகைக்கடை, ஓட்டல் மெனு, ஆன்லைனில் மசாலா விற்கிறவர்கள் என்று எல்லோருக்கும் மாதாமாதம் படம் வேண்டும். வேலை அலுப்பானது. வெள்ளைத் துணி, இரண்டு லைட், நூறு சட்டை. ஆனால் பகல் வேலை, ஆடி மாதத்திலும் உண்டு, நாதஸ்வரச் சத்தமும் இல்லை. அந்தக் காசில் கூந்தன்குளம் போய் வாருங்கள்.

பொண்ணுங்க இதுக்கு வரலாமா சார்? ராத்திரி வேலைன்னு வீட்டுல பயப்படுறாங்க.

தாராளமாக வரலாம், ஆளும் போதாது. இஸ்லாமியத் திருமணங்களில் பெண்கள் பகுதி, பிறந்த குழந்தை, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, மணப்பெண் அலங்கார அறை இங்கெல்லாம் பெண் இருந்தால்தான் நல்லது என்று குடும்பங்களே தேடுகின்றன. எனக்கு வரும் அப்படிப்பட்ட வேலைகளை நான் இரண்டு பெண்களிடம் அனுப்பிவிடுகிறேன்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை மறைத்துப் பேச மாட்டேன். ரிசப்ஷன் முடிய இரவு பதினொன்று ஆகும். தனியாக ஒப்புக்கொள்ளாதீர்கள், உதவியாளரும் பெண்ணாக இருக்கட்டும். தங்க அறை, திரும்பிப் போக வண்டி இரண்டையும் பேசும்போதே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி எடுக்கணுமா? வருமான வரி?

சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கவனிக்க வேண்டியது, 20 லட்சம் என்பது லாபம் இல்லை. ஆல்பம் காசும் சேர்ந்த மொத்த வரவு. புகைப்படச் சேவைக்கு 18 சதவீதம். நிறுவனங்களுக்கு வேலை செய்தால் அவர்கள் அந்த வரியைத் தங்கள் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டாருக்கு அது வெறும் விலை ஏற்றம். 40,000 அவர்களுக்கு 47,200 ஆகிவிடும். எல்லையை நெருங்கும்போதே விலையை யோசித்து மாற்றுங்கள்.

வருமான வரிக்கு இந்த வரவையும் கணக்கில் காட்ட வேண்டும். சிறு தொழிலுக்கு, வரவில் ஒரு பங்கை லாபம் என்று வைத்துக்கொள்ளும் உத்தேச வருமான முறை இருக்கிறது, அதில் பெரிய கணக்குப் புத்தகங்கள் தேவையில்லை. உங்களுக்கு அது பொருந்துமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேளுங்கள். நிறுவனங்கள் டிடிஎஸ் (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடித்துத்தான் கொடுப்பார்கள். ரிட்டர்ன் போட்டால்தான் அதிகப்படி திரும்பும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு முதல் நாளே திறந்துவிடுங்கள். மளிகைக் காசும் அட்வான்ஸும் ஒரே யுபிஐ-யில் கலந்தால் மார்ச் மாதம் தலைவலிதான்.

நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்? இன்ஸ்டாவில் போட்டா என்ன?

இதில் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டின் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லை என்றால். கல்யாணப் படங்களின் உரிமை பெரும்பாலும் கல்யாண வீட்டாருடையது. வேடிக்கை என்னவென்றால், மேலே வேண்டாம் என்று சொன்ன ஃப்ரீ வேலையில் காசு கைமாறாததால் உரிமை உங்களிடமே நிற்கும்.

அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் போடுங்கள். தேதி, நேரம், எத்தனை படம், ஆல்பம் எத்தனை பக்கம், பாக்கி எப்போது, கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும், உரிமை யாருக்கு, இணையத்தில் போடலாமா. கடைசி வரியை வாயாலும் கேளுங்கள். கையெழுத்துப் போட்டது அண்ணனாக இருக்கும். படத்தில் இருப்பது தங்கை. அந்தப் பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றால் போடாதீர்கள்.

ட்ரோன் ஷாட் கேக்குறாங்க. வாங்கிடலாமா?

2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு உட்பட்ட நானோ வகைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் எடையுள்ளதைக் காசுக்குப் பறக்கவிட்டால் தேவை. எங்கே பறக்கலாம் என்பதற்கு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. மண்டபம் விமான நிலையத்துக்குப் பக்கமா என்று பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. பில் இல்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நான் சான்றிதழ் உள்ள ஆளை நாள் கூலிக்குக் கூப்பிடுகிறேன்.

கோயில்ல, மகால்ல அவுட்டோர் ஷூட் எடுக்கலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம், மாமல்லபுரம் மத்தியத் தொல்லியல் துறையிடம். சுற்றுலா வந்தவர் மாதிரி நுழைந்து டிரைபாடை விரித்தால் காவலாளி வந்துவிடுவார், மணப்பெண் முன்னால் அசிங்கம். கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. திருப்பரங்குன்றம் போன்ற கோயிலில் கல்யாணம் என்றால் கேமராவுக்கு என்ன நடைமுறை என்று முதல் வாரமே தேவஸ்தான அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கார்டு கரப்ட் ஆயிட்டா என்ன பண்றது?

எனக்கு ஆனது கரப்ட்கூட இல்லை, என் தப்பு. இரண்டாவது வருடம், ஒரு கார்டு மட்டும் போடும் கேமரா. முகூர்த்தம் முடிந்த அவசரத்தில் நிரம்பிய கார்டைக் காலி கார்டு என்று நினைத்து ஃபார்மேட் செய்து மேலே நாற்பது படம் எடுத்துவிட்டேன். மீட்பு மென்பொருளில் பெரும்பகுதி திரும்பியது. மெட்டி போடுவது வரவில்லை. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து ஆல்பத்தில் வைத்தேன், மங்கலாக இருந்தது. நேரில் போய்ச் சொன்னேன், பாக்கித் தொகையை வாங்கவில்லை. பெண்ணின் அப்பா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறது. எடுத்த கார்டு சட்டைப் பையில், காலி கார்டு பெட்டியில், மாறவே மாறாது. அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றைத் தம்பி வீட்டில் கொடுத்துவிடுகிறேன். ஆல்பம் கைமாறும்வரை கார்டை அழிப்பதில்லை.

லோன் போட்டு கேமரா வாங்கலாமா?

மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய்வரை சிசு, 5 லட்சம்வரை கிஷோர் என்று கடன் இருக்கிறது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆனால் தவணை ஆடியிலும் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு, அந்த வாடகை தவணையைவிட அதிகமாகிவிட்டால் கடன் வாங்கலாம். "நல்ல கேமரா வந்தா ஆர்டர் வரும்" என்று வாங்காதீர்கள். எந்தக் கேமரா என்று என்னிடம் கேட்ட கல்யாண வீட்டார் இதுவரை இரண்டே பேர்.

இப்பதான் போன்லயே நல்லா வருது, ஏஐ வேற வந்துடுச்சு. இந்தத் தொழில் நிக்குமா?

பாஸ்போர்ட் சைஸ் படத்தை நம்பியிருந்த ஸ்டுடியோக்கள் அடி வாங்கிவிட்டன. சட்டையை மாடல் போட்ட மாதிரி ஏஐ செய்துவிடுவதால் துணிப் படங்களிலும் கொஞ்சம் குறையும். அதனால் முன்னே சொன்ன பொருள் வேலையில் துணியை மட்டும் நம்பாதீர்கள். கல்யாணத்தில் பாட்டி அழுததை ஏஐ செய்து கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

தொழிலானா ஆசை போயிடும்னு சொல்றாங்களே?

எனக்கு மூன்று வருடம் போயிருந்தது. கேமராவை எடுத்தாலே முதுகு வலித்தது. பிறகு தொழிலுக்குப் பயன்படாத ஒரு பழைய ஃபிலிம் கேமராவை வாங்கினேன். அதில் எடுப்பதை எங்கும் போடுவதில்லை, யாருக்கும் கொடுப்பதில்லை. எல்லோருக்கும் இது வேலை செய்யுமா என்று கேட்டால், என் கூட்டாளி ஒருவர் ஞாயிறு காலியாக இருந்தால் கேமராவைத் தொடுவதே இல்லை, மீன் பிடிக்கப் போகிறார். அவரும் நன்றாகத்தான் இருக்கிறார்.

ரெண்டு வருஷம் பண்ணிட்டு வேணாம்னு தோணுச்சுன்னா?

நிறுத்திவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. புது ஆர்டர் எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அட்வான்ஸ் வாங்கிய தேதிகளை முடியுங்கள், முடியாதவற்றை நம்பகமான ஆளிடம் வீட்டாரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள். லென்ஸ்கள் ஓரளவு விலை போகும், பாடி பாதிகூடப் போகாது.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் விற்றுவிடாதீர்கள். போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டார். ஏழு வருடத்துக்கு முந்தைய கல்யாணம். மாமனார் இறந்துவிட்டார், அவர் தனியாகச் சிரிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பந்தியில் பாயசம் வாங்கும்போது எடுத்தது ஒன்று இருந்தது. ஆல்பத்தில் சேர்க்காத படம். அன்று சாயங்காலமே அனுப்பினேன்.